பாசிக்கு மருந்து கேட்பவர்களுக்கு



சித்திரையில் என் வீட்டுக் கடல்மீன் தொட்டியின் படத்தைப் போட்டிருந்தேன். மணல் முழுக்கக் கருஞ்சிவப்பாக ஓர் ஆடை படர்ந்திருந்த படம். "டீச்சர், என்ன இது ரத்தம் மாதிரி?" என்று கேட்டவர்கள் பாதிப் பேர். "இதுக்கு மருந்து இருக்கு டீச்சர், ரெண்டே நாள்ல போயிடும்" என்று சொன்னவர்கள் மீதிப் பேர். போன ஞாயிற்றுக்கிழமை போட்ட படத்தில் மணல் வெள்ளையாக இருக்கிறது. உடனே எல்லோரும் "என்ன மருந்து போட்டீங்க?" என்கிறீர்கள்.

மருந்து எதுவும் போடவில்லை. போடக் கூடாது என்பதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நீளம் பிடிக்காதவர்கள் ஒரு லைக் போட்டுவிட்டுக் கிளம்பலாம். வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறேன்.

முதலில் தொட்டியைப் பற்றி. கருணாபுரத்தில் கடல் தொட்டியா என்று என் நாத்தனார் இன்னும் சிரிக்கிறார். கடலைப் பார்க்க நாம் கடலூருக்கோ புதுச்சேரிக்கோ போக வேண்டும், உண்மைதான். ஆனால் கடல் உப்புக் கலவை பாக்கெட்டில் கிடைக்கிறது. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குச் சுமார் 35 கிராம். கலக்கினால் கடல்நீருக்கு நெருக்கமான நீர் தயார். என் மருமகன் ஆசையாக அமைத்து, வேலை மாற்றலாகிப் போகும்போது என்னிடம் விட்டுப்போன தொட்டி இது. இரண்டடி நீளம், 60 லிட்டர். இரண்டு கோமாளி மீன் (பேரப்பிள்ளைகள் மொழியில் நெமோ), ஒரு இறால், நாலைந்து நத்தை, பொத்தான் போல விரியும் பாலிப்புகள் கொஞ்சம்.

கல் பவளம் கிடையாது. விசிறிப் பவளமும் கிடையாது. அவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. கடலிலிருந்து எடுப்பதும், விற்பதும், வாங்குவதும் குற்றம். செத்த பவளக் கல்லுக்கும் அதே விதிதான். என் தொட்டியில் இருப்பது சிமெண்டிலும் சுட்ட மண்ணிலும் செய்த கல். ஆறு மாதத்தில் அதன் மேல் எல்லாம் படர்ந்து, நிஜப் பாறையா செயற்கையா என்று யாராலும் சொல்ல முடியாது. தொட்டி வைக்க ஆசைப்படும் பிள்ளைகள் இதை மனத்தில் வையுங்கள். "ஒரிஜினல் ராக்" என்று யாராவது மெதுவான குரலில் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, பாசிக்கு வருகிறேன்.

பாசி என்று நாம் சொன்னாலும் அது பாசி இல்லை. நான் ஆசிரியர் பயிற்சி படித்த காலத்தில் நீலப்பசும்பாசி என்றுதான் பாடம். உங்களில் மூத்தவர்களுக்கு நானும் அப்படித்தான் நடத்தினேன், அன்றைய புத்தகம் அது. இப்போது அதைச் சயனோபாக்டீரியா என்கிறோம். பாக்டீரியா, ஆனால் செடி போல வெயிலில் உணவு சமைக்கும் பாக்டீரியா. நிறம் நீலப்பச்சையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கடல் தொட்டிகளில் பெரும்பாலும் கருஞ்சிவப்பு, சில சமயம் கறுப்பு.

இதை எதிரி என்று திட்டுவதற்கு முன் ஒரு நிமிடம். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியதே இவற்றின் வேலையால்தான். நெல் வயலில் தழைச்சத்தை நிலைநிறுத்துவதும் இவற்றில் சில. பி.கே.டே என்ற இந்திய ஆய்வாளர் 1939இலேயே அதைக் காட்டிவிட்டார். நம் பக்கத்து விவசாயிகள் நெல்லுக்கும் மாட்டுக்கும் அசோலா வளர்க்கிறார்களே, அந்த இலைக்குள் குடியிருப்பது அனபீனா என்ற இதே இனம். ஆரோவில்லில் வளர்த்து மாத்திரையாக விற்கும் சுருள்பாசியும் இதே இனம். நம்மில் எத்தனையோ பேர் காலையில் அதை விழுங்கிவிட்டு, தொட்டியில் அதன் உறவுக்காரரைப் பார்த்தால் முகத்தைச் சுளிக்கிறோம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், டீச்சர் புத்தி விடாது. இந்த உயிரைப் படித்துச் சொன்னதில் நம் மாநிலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தியப் பாசியியலின் தந்தை என்று சொல்லப்படும் எம்.ஓ.பி. ஐயங்கார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். அதே பல்கலைக்கழகத்தின் டி.வி.தேசிகாச்சாரி 1959இல் எழுதிய 'சயனோஃபைட்டா' என்ற நூலை உலகம் முழுக்க இந்தத் துறைக்காரர்கள் புரட்டியிருக்கிறார்கள். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல் சயனோபாக்டீரியாவுக்கென்றே ஒரு தேசிய மையம் 1991 முதல் இருக்கிறது. கடல் இல்லாத திருச்சியில்! அதைச் சொன்ன பிறகுதான் நாத்தனாரின் சிரிப்பு கொஞ்சம் நின்றது.

தொட்டியில் இருப்பது இதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பலர் இங்கேயே தடுக்கி விழுகிறார்கள். கல்லைக் கவ்விப் பிடித்து, இழுத்தால் நூல் நூலாக வருவது வேறு, அது பச்சைப் பாசி. புதுத் தொட்டியில் கண்ணாடியில் மாவு தூவினாற்போலப் பழுப்பாகப் படிவது வேறு, அது டயட்டம், பெரும்பாலும் தானாகவே போய்விடும். பழுப்பு நிறத்தில் மூக்குச்சளி போலத் தொங்கி, நுனியில் குமிழி வைத்திருப்பது இன்னொன்று, அதைச் சுழல்கசையுயிரி என்பார்கள். அதில் சில வகைகளின் நச்சு நத்தைகளைக் கொல்லும், அதற்கு வைத்தியமும் வேறு. நம்முடையது காய்ச்சிய பாலின் ஆடை போல. ஓரத்தில் விரலால் தள்ளினால் ஒரு துண்டாகப் பெயர்ந்து வரும். காலையில் மெலிந்து, மாலையில் தடித்து, குமிழி குமிழியாக இருக்கும். வெளியே எடுத்தால் ஒரு மக்கல் வாடை.

சந்தேகம் இருந்தால் நுண்ணோக்கி. 2003 பேட்ச் பிள்ளைகள் என் பணி ஓய்வின்போது வாங்கித் தந்தீர்களே, அதில்தான் பார்த்தேன். மணி கோத்தது போல நீண்ட இழைகள். சுழல்கசையுயிரி என்றால் தனித்தனியாக ஓடித் திரியும். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. பேரன் ஒரு மணி நேரம் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை.

அந்தப் பேரனும் அவன் கூட்டாளிகளும்தான் இந்தக் கதைக்குக் காரணம். கோடை விடுமுறைக்கு மூன்று பிள்ளைகள். ஒவ்வொருவரும் "நான்தான் நெமோவுக்குச் சாப்பாடு போடுவேன்" என்று. மாதக்கணக்கில் வர வேண்டிய ஒரு டப்பா தீவனம் 20 நாளில் காலி. மீன் இரண்டும் சேர்ந்து கட்டைவிரல் அளவு வயிறு கூட இருக்காது. மிச்சம் எங்கே போகும்? மணலுக்குள் போய் அழுகும். சமையலறைத் தொட்டியின் அடியில் சோற்றுப் பருக்கை தேங்கினால் இரண்டு நாளில் வழவழவென்று படிகிறது இல்லையா, அதற்கு யாரும் மருந்துக் கடைக்கு ஓடுவதில்லை. பருக்கையை அள்ளிப் போட்டுவிட்டுக் கழுவுகிறோம்.

படம் போட்ட மூன்றாம் நாள், முன்னாள் மாணவர் ஒருவர் அன்போடு ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். மீன் கடையில் வாங்கியது. சின்ன ஜிப் கவரில் வெள்ளைப் பொடி. "அரை ஸ்பூன் போடுங்க டீச்சர், எல்லாரும் இதுதான் போடறாங்க." கவரின் இரு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். பெயர் இல்லை, தயாரித்தவர் இல்லை, அளவு இல்லை, காலாவதித் தேதி இல்லை.

நான் கருணாபுரத்துக்காரி. என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத ஒன்று கையிலிருந்து கைக்கு மாறி வந்தால் என்ன ஆகும் என்று எங்கள் தெருவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதில் என்னிடம் படித்தவர்களின் அப்பாக்களும் உண்டு, என்னிடம் படித்தவர்களும் உண்டு. மீன் தொட்டியை அதோடு ஒப்பிடவில்லை. அந்தத் துக்கம் எதோடும் ஒப்பிடக் கூடியது இல்லை. பெயர் எழுதாத பொடி என் வீட்டு வாசலைத் தாண்டாது என்பதற்குக் காரணம் சொல்கிறேன், அவ்வளவுதான். அந்தத் தம்பி சட்டென்று புரிந்துகொண்டு பொட்டலத்தைத் திரும்ப எடுத்துப் போய்விட்டார்.

பெயர் எழுதியிருந்தால் போட்டிருப்பீர்களா என்று கேட்டார் என் தம்பி. நியாயமான கேள்வி. சிவப்பு ஆடையை இரண்டே நாளில் கரைக்கும் பொருள்களில் பெரும்பாலும் இருப்பது எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக். சிலர் நேராக மருந்துக் கடையிலேயே மாத்திரை வாங்கிப் பொடித்துப் போடுகிறார்கள். பாக்டீரியாவின் புரதத் தயாரிப்பை நிறுத்தும் மருந்து அது. இந்த ஆடை பாக்டீரியா என்பதால்தான் வேலை செய்கிறது. வேலை செய்யும் என்பதை நான் மறுக்கவே இல்லை. என் தம்பி மகன் அம்பத்தூரில் தொட்டி வைத்திருக்கிறான், போட்டான், இரண்டு நாளில் பளிச். "அத்தை, பாருங்க" என்று வீடியோ அனுப்பினான்.

அடுத்து நடந்ததை அவன் குடும்பக் குழுவில் போடவில்லை, நான் சொல்கிறேன் (அனுமதி வாங்கிவிட்டேன்). அவ்வளவு ஆடையும் ஒரே நேரத்தில் செத்து அழுகினால் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை அந்த அழுகலே தின்னும். மூன்றாம் நாள் காலை ஒரு மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது, மதியம் போய்விட்டது. மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றி, தொட்டியை உயிரோடு வைத்திருப்பவையும் பாக்டீரியாக்கள்தானே. மருந்துக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது, அவற்றையும் பாதிக்கலாம். இவ்வளவும் ஆகி, ஐந்தாவது வாரம் ஆடை திரும்பி வந்துவிட்டது. தின்பதற்கு மணலில் எல்லாம் அப்படியே இருக்கும்போது ஏன் வராது?

ஆனால் என் முதன்மையான ஆட்சேபம் மீனைப் பற்றியது இல்லை. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? வாளியில் எடுத்துச் சாக்கடையில். அங்கிருந்து ஆற்றுக்கும் ஏரிக்கும். நீர்த்த ஆன்டிபயாடிக்கில் சாகாமல் தப்பிய பாக்டீரியாக்கள் அதைத் தாங்கப் பழகும். அந்தத் திறமையைப் பக்கத்து பாக்டீரியாவுக்கும் கைமாற்றிக் கொடுக்கும். பெனிசிலின் ஒவ்வாத பிள்ளைக்குத் தொண்டைப் புண் வந்தால் டாக்டர் எழுதக்கூடிய மருந்துகளில் எரித்ரோமைசினும் ஒன்று. அது நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு வேலை செய்ய வேண்டும். மாத்திரை அட்டையின் பின்னால் சிவப்புக் கோடு பார்த்திருப்பீர்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து என்பதற்கு அடையாளம் அது, 2016இலிருந்து அரசு அதைப் பற்றிப் பிரசாரமே செய்கிறது. மனிதருக்கே சீட்டு கேட்கிற மருந்தை மணல் வெள்ளையாகத் தெரிவதற்காக ஊற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தொட்டி ஒன்றுதானே, 60 லிட்டர்தானே என்பீர்கள். பிளாஸ்டிக் பை விஷயத்திலும் இதையேதான் சொன்னீர்கள்.

இனி நான் என்ன செய்தேன் என்பது. ஏழு வாரம் ஆயிற்று. இதில் கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை.

முதல் வேலை டப்பாவைப் பூட்டியது. ஒரு நாளைக்கு ஒரு முறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு மட்டும். உறைந்த இறால் தீவனம் என்றால் சல்லடையில் போட்டு அலசி, அந்தச் சாறு தொட்டிக்குள் போகாமல் பார்த்துக்கொண்டேன். அந்தச் சாற்றில் பாஸ்பேட் அதிகம். பேரன் அழுதான். நுண்ணோக்கியைக் கொடுத்துச் சமாதானம் செய்தேன் (மேலே சொன்ன ஒரு மணி நேரம் அதுதான்).

இரண்டாவது, ஆடையைக் கையால் எடுப்பது. மெல்லிய காற்றுக்குழாய் ஒன்றை வைத்து, தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சி வாளிக்கு இறக்க வேண்டும். வாரம் ஒரு முறை, 6 லிட்டர் போகும் வரை. அந்த 6 லிட்டருக்குப் புதிதாகக் கலந்த உப்புநீர். பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றமும் அதிலேயே முடிந்துவிடுகிறது. குழாயை வாயால் உறிஞ்சித் தொடங்கவே கூடாது. குழாயைத் தண்ணீருக்குள் முழுக்க அமிழ்த்தி, நிரம்பியதும் ஒரு முனையை விரலால் மூடிக் கீழே இறக்கினால் தானாக ஓடும், எட்டாம் வகுப்பில் செய்து காட்டியிருக்கிறேன். சயனோபாக்டீரியாவில் நச்சு உள்ள வகைகள் உண்டு. 2020இல் ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் 300க்கும் மேற்பட்ட யானைகள் செத்தபோது, அவை குடித்த குட்டைகளில் இருந்த சயனோபாக்டீரியா நச்சே காரணம் என்று அந்நாட்டு அரசு சொன்னது. என் தொட்டியில் இருந்தது அந்த வகை என்று பயமுறுத்தவில்லை. வாயில் வைக்காதீர்கள் என்கிறேன்.

அதோடு, பொத்தான் பாலிப் வைத்திருப்பவர்கள் கையுறை இல்லாமல் கல்லைத் தேய்க்காதீர்கள். கல்லைக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பவே கிளம்பாதீர்கள். அவற்றில் சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கடுமையான நச்சு இருக்கிறது. 2018இல் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் தொட்டிப் பவளத்தைச் சுத்தம் செய்யப் போய் ஒரு குடும்பமே மருத்துவமனைக்குப் போனது.

மூன்றாவது, ஓட்டம். தொட்டிக்குள் அலை அடிக்கும் சின்ன மோட்டார் ஒன்று உண்டு. அது ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததால் எதிர் மூலையில் தண்ணீர் அசையவே இல்லை, ஆடை முதலில் வந்ததும் அங்கேதான். கல்லைக் கொஞ்சம் தள்ளி வைத்து, மோட்டாரைக் கண்ணாடியில் மோதித் திரும்பும்படி திருப்பினேன். ஆறாம் வகுப்பைக் கோமுகி அணைக்கு அழைத்துப் போனது ஞாபகம் இருக்கிறதா? ஓடுகிற ஓடையில் கல் சுத்தமாக இருந்தது, ஓரத்தில் தேங்கிய குழியில் கல்லில் கால் வைத்து வழுக்கி விழுந்தவர் இப்போது அரசு பஸ் நடத்துநர், பெயர் சொல்லவில்லை. அதே பாடம்தான். மாதப் பராமரிப்பு என்று மின்சாரம் நாள் முழுக்க நிற்கும்போது ஓட்டமும் நிற்கும். அதற்காக பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று வாங்கி வைத்தேன். இந்தத் தொட்டிக்கு நான் செய்த உருப்படியான செலவு அதுதான் என்பேன்.

நான்காவது, தண்ணீர். இதில்தான் படித்தவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். நம் ஊர் போர் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். குடிக்க நல்ல தண்ணீர் என்றாலும் ஊற்றாதீர்கள். இந்தியத் தரநிலையின்படி குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை இருக்கலாம். பவளப்பாறைக் கடலில் அதன் அருகில்கூட வராது. "எங்க வீட்ல ஆர்.ஓ. இருக்கு டீச்சர்." இருக்கட்டும். வீட்டு ஆர்.ஓ.வில் பலவற்றில் சுவைக்காகக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரைத் திரும்பக் கலக்கும் ஒரு திருகு வைத்திருப்பார்கள். டி.டி.எஸ். மானியை வைத்துப் பாருங்கள், 50, 80 என்று காட்டும். தொட்டிக்கு அது 0 ஆக வேண்டும். ஆர்.ஓ.வுக்குப் பின்னால் அயனி நீக்கும் பிசின் குழாய் ஒன்று இணைத்தால் வந்துவிடும். கோடையில் தினமும் ஆவியாகிற தண்ணீருக்கு ஈடாக ஊற்றுவதும் இந்த வெறும் தண்ணீர்தான், உப்புநீர் இல்லை. உப்பு ஆவியாகாது, மூன்றாம் வகுப்புப் பாடம்.

ஐந்தாவது, வெளிச்சம். விளக்கை 10 மணி நேரத்திலிருந்து 6 மணி நேரமாகக் குறைத்தேன். கிழக்கு ஜன்னலில் திரை போட்டேன். நான்காம் வாரம், ஆடையில் பெரும்பகுதி எடுத்த பிறகு, மூன்று நாள் தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடி, காற்று மோட்டாரை ஓட விட்டேன். மீனும் பாலிப்பும் மூன்று நாள் இருட்டைத் தாங்கும். ஆடை எவ்வளவோ மெலிந்துவிட்டது. இருட்டு மட்டும் போதுமா என்றால் போதாது. மற்றதைச் செய்யாமல் போர்வை போர்த்தினால் அதுவும் ஒரு மருந்துப் புட்டிதான்.

ஒரு விஷயத்தில் நிறையப் பேர் குழம்புகிறீர்கள். "நைட்ரேட் சோதனை செய்தால் 0 காட்டுகிறது டீச்சர், அப்படியென்றால் தண்ணீர் சுத்தம்தானே, ஏன் ஆடை வருகிறது?" சத்துணவுக் கூடத்தில் இரண்டு மணிக்குப் பாத்திரம் காலியாக இருந்தால் அன்றைக்குச் சமைக்கவே இல்லை என்பீர்களா? சோதனைக் குழாய் காட்டுவது தண்ணீரில் மிச்சம் இருப்பதை மட்டும். வந்ததையெல்லாம் ஆடை தின்றுகொண்டிருக்கிறது. இன்னொரு பக்கமும் இருக்கிறது. இவற்றில் சில வகை தண்ணீரில் கரைந்த நைட்ரஜனையே உணவாக்கிக்கொள்ளும், வயலில் செய்கிற அதே வேலை. நைட்ரேட்டை 0 ஆக்கியே தீருவேன் என்று இரசாயனப் பைகளைத் தொங்கவிட்டால் போட்டியாளர்கள் பட்டினி கிடக்க, இவை மட்டும் கொழுக்கும். தொட்டிக்காரர்கள் அனுபவத்தில் நைட்ரேட் லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.1க்குக் கீழே என்று வைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படியே வைத்திருக்கிறேன்.

ஆடையைத் தின்னும் மீன், தின்னும் நத்தை என்று விற்கிறார்களே, அதை நம்பி வாங்காதீர்கள். மணலைக் கிளறும் நத்தை நல்லது, அது கிளறுவதற்காக. ஆடையைத் தின்று தீர்க்கும் என்று எதையும் நம்பி வைக்க முடியாது.

"இவ்வளவு வேலையா, தொட்டியை எடுத்துவிட்டு ஒரு டிவி வைக்கலாமே" என்று என் அண்ணி சொன்னார். வைக்கலாம். ஆனால் இந்த 60 லிட்டரில் நடந்தது இங்கேயே முடிகிற விஷயம் இல்லை. 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் கடலே பச்சையாகி, மீன்கள் கரையில் செத்து ஒதுங்கிய செய்தி வந்ததே. அது சயனோபாக்டீரியா இல்லை, நாக்டிலூகா என்ற இன்னொரு நுண்ணுயிர். ஆனால் கணக்கு ஒன்றுதான். அது மிதமிஞ்சிப் பெருகி, செத்து, அழுகும்போது ஆக்சிஜன் போய்விட்டது. பவளங்களும் பாதிக்கப்பட்டன. 21 தீவுகள் உள்ள மன்னார் வளைகுடாவுக்கு எந்தக் கடையில் பொடி வாங்கி எத்தனை ஸ்பூன் போடுவது? கரையிலிருந்து போகிற சாக்கடையையும் உரத்தையும் குறைப்பதைத் தவிர நம் கையில் இருக்கும் வழி வேறு என்ன? டிவியில் அந்தச் செய்தியை ஒரு நிமிடம் காட்டினார்கள். என் பேரனுக்கு அது ஏழு வாரத்தில், டப்பா பூட்டப்பட்ட கோபத்தோடு, புரிந்தது.

பொறுமை இல்லை, ஆபீஸ் போகிறோம், ஓய்வு பெற்றவருக்கு நேரம் இருக்கிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாரத்துக்கு 40 நிமிடம். அம்பத்தூரில் மருந்து ஊற்றி, மீன் செத்து, புது மீன் வாங்க அலைந்து, மறுபடி ஆடை வந்து, மறுபடி மருந்து தேடியவன் செலவழித்த நேரத்தை அவனையே கேளுங்கள்.

அவனும் இப்போது மருந்தை விட்டுவிட்டான். நேற்று முதல் வாரத் தண்ணீர் மாற்றம் செய்ததாகப் படம் அனுப்பியிருந்தான். அவனுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன்: தம்பி, இரண்டாம் வாரம் ஆடை முன்னைவிட அதிகமாகத் தெரியும், மணலைக் கிளறியதால் அப்படி. பதறாதே, எதையும் ஊற்றாதே. நான்காம் வாரம் வரை துணி போட்டு மூடாதே.

நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும் என்று கேட்டவர்கள் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு வரலாம். மூடி உள்ள சின்ன பாட்டிலில், தொட்டித் தண்ணீரோடு, கட்டைவிரல் நக அளவு ஆடை போதும். பாட்டில் மேல் உங்கள் பெயரும், எடுத்த தேதியும், என்ன நிறம் என்பதும் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். எழுதாத பாட்டிலைத் திறக்க மாட்டேன்.